ஒத்தடம் என்று மட்டும் சொன்னேன்

பூனா விமான் நகரில் சொந்தமாகப் பல் மருத்துவமனை நடத்தும் என் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். பல் முழுவதும் போன தாடையில் இம்ப்ளாண்ட் எனப்படும் டைட்டானியத் திருகுகளை எலும்புக்குள் பதித்து, அவற்றின் மேல் கழற்றத் தேவையில்லாத பல்வரிசையைக் கட்டுகிறோம் அல்லவா, அந்த அறுவைக்குப் பிறகு புண் சீக்கிரம் ஆற என்னென்னவோ வந்துவிட்டன. நோயாளியின் ரத்தத்தையே சுழற்றி எடுத்த ஜெல், சிவப்பு ஒளி பாய்ச்சும் லேசர், அழுத்தக் கூண்டில் ஆக்ஸிஜன் என்று பட்டியல் நீள்கிறது.

"இதுல எது சார் நிஜமாவே வேலை செய்யுது? நீங்க எழுதிக் குடுங்க. என்கிட்ட இருக்கற ஜூனியர்ஸுக்கு வாசிச்சுக் காட்டறேன். அவங்களுக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டா புரியும்" என்றாள்.

இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஜெல்லைப் பற்றி எழுதினேன், லேசரைப் பற்றி எழுதினேன். ஐஸ் ஒத்தடத்தைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த இரண்டு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் பூனாவில் வளர்ந்தவன். அப்பாவுக்கு வங்கி வேலை. தமிழ் வீட்டுக்குள் பேசியது மட்டும்தான். பள்ளி, பல் மருத்துவப் படிப்பு, வாய் அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு எல்லாம் இதே ஊரில் முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் வாய் அறுவைப் பிரிவில் ஜோஷி மேடத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். நாற்பதைத் தாண்டியிருந்தேன். அதனால், பின்னால் சொல்லப்போகும் காரியத்தை இளமைத் தவறு என்று தள்ளிவிட முடியாது.

மேடம் ஒல்லியானவர், குரல் உயராது. கத்தி பிடிப்பதில் அவரைவிட வேகமானவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அறுவை முடிந்த பின் அவர் செய்வதை வேறெங்கும் பார்த்ததில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியோடு வந்தவருக்கு நேர் எதிரே முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் உட்காருவார். செய்ய வேண்டியதை எல்லாம் சொல்வார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்: "ஆதா மலா ஸாங்கா, கரீ ஜாஊன் காய் கர்ணார்?" இப்போது நீங்கள் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள்?

அதற்கு வரும் பதில்களுக்காகவே நான் அங்கே நிற்பேன். பல நாள் சிரிப்பை அடக்க முடியாது. மென்மையாகச் சாப்பிடக் கொடுப்பேன் என்று தலையாட்டிய ஓர் அம்மாள், என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டதும் "சிவ்டா, டீயில ஊற வெச்சு" என்று மொறுமொறு அவல் மிக்சரைச் சொன்னார். துப்பக் கூடாது, துப்பினால் புண்ணை மூடும் ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும் என்று சொன்னபோது ஒரு லாரிக்காரர் உண்மையான கவலையோடு, "துப்பாம இருந்தா, புகையிலையை முழுங்கவா சொல்றீங்க?" என்று கேட்டார். இன்னொருவர் ஐஸைக் கன்னத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு வாய்க்குள் அடக்கத் தயாராக இருந்தார். மேடம் சிரிக்க மாட்டார். மறுபடி முதலிலிருந்து சொல்வார், மறுபடி கேட்பார். அச்சடித்த தாள் கொடுக்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "தாள் சட்டைப்பையிலேயே துவைக்கப் போய்விடும்" என்றார். எனக்கு அது நேர விரயமாகத் தோன்றியது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொன்று தையலைப் பற்றியது. "டாகே ஸைல் டேவ்." தையலைத் தளர்வாக விடு. ஈறு நாளைக்கு வீங்கும், அதற்கு இடம் வேண்டும். இழுத்துக் கட்டினால் இன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும், வீங்கும்போது நூலே சதையை அறுக்கும்.

அந்தச் சமயத்தில் இம்ப்ளாண்ட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று செய்முறை வகுப்புக்காக ஒரு முழுத் தாடைக்கான திருகுகளை எங்களுக்கு இலவசமாகத் தந்தது. ஒரே ஒரு நோயாளிக்குத்தான் அது போதும். மேடம் கோமதியைத் தேர்ந்தெடுத்தார்.

கோமதிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஈறு நோயில் பல் எல்லாம் போய்விட்டன. கீழ்த்தாடை எலும்பு தேய்ந்து பலகைபோல் ஆகியிருந்ததால் எந்தப் பல்செட்டும் நிற்கவில்லை. பேசும்போது ஒரு கை எப்போதும் வாயருகில் இருக்கும், செட் எகிறி விழுந்துவிடும் என்ற பயம். யார் முன்னாலும் சாப்பிடுவதை விட்டிருந்தார். கணவர் சண்முகம் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பூனாவை அடுத்த சாங்வியில் குடியேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. இருவருக்கும் இந்தியோ மராத்தியோ தெரியாது. நான் தமிழில் பேசியதைக் கேட்டதும் சண்முகத்தின் முகம் மலர்ந்ததை இன்றும் பார்க்க முடிகிறது. "நம்ம பாசை பேசுத டாக்டரு கிடைச்சிட்டாரு, இனி பயமில்ல" என்று மனைவியிடம் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அறுவை நன்றாகவே நடந்தது. கீழ்த்தாடையின் முன்பகுதியில் மேடம் ஐந்து திருகுகளைப் பதித்தார். ஈறை மூடித் தைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் கேமராவோடு நின்றார்கள். படத்தில் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் இறுக்கினேன். மேடம் எழுந்து போயிருந்தார், பார்க்கவில்லை. படம் அழகாகத்தான் வந்தது.

பிறகு மேடம் வழக்கம்போல் முக்காலியை இழுத்துப் போட்டு சண்முகத்தின் எதிரே உட்கார்ந்து, "ஆதா மலா" என்று ஆரம்பித்தார். சண்முகம் விழித்தார். மேடம் சிரித்துக்கொண்டே எழுந்து முக்காலியை என் பக்கம் தள்ளினார். "துஜீ பாஷா. தூ பகூன் கே." உன் மொழி, நீயே பார்த்துக்கொள்.

நான் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டே நின்றபடி சொன்னேன்.

"வீட்டுக்குப் போன உடனே ஒத்தடம் குடுக்க ஆரம்பிங்க. தாடைக்கு வெளிப்பக்கம். விட்டு விட்டு, ரெண்டு நாளைக்கு. கஞ்சி, மோர் சாதம் மட்டும். தலைக்கு ரெண்டு தலையணை. துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது."

"ஒத்தடந்தான டாக்டர், அத நான் பாத்துக்கிடுதேன். நல்லாவே குடுப்பேன்" என்றார் சண்முகம்.

கோமதியின் வாயில் பஞ்சுத்துணி அடைத்திருந்தது. அவரால் எதுவும் கேட்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஒத்தடம் என்றால் ஐஸ்தான். கிரிக்கெட் பந்து பட்டு வீங்கி வந்தால் அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து, "வா, ஒத்தடம் குடுக்கறேன்" என்பாள். அந்தச் சொல் எனக்குக் குளிர்ச்சியாகவே பதிந்திருந்தது. தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் ஒத்தடம் என்றால் சூடு என்பதும், குளிர்ச்சி வேண்டுமானால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எப்படிக் கொடுப்பீர்கள்? மேடம் தினமும் கேட்ட கேள்வி.

மூன்றாம் நாள் காலை அவர்கள் வந்தபோது கோமதியின் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடையும் கழுத்தும் ஒன்றாகியிருந்தன. வாயைத் திறக்க வைத்துப் பார்த்தால், என் தையல்கள் ஈறைக் கிழித்துக்கொண்டு நின்றன. கீழே திருகுகளின் தலை தெரிந்தது. சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"நீங்க சொன்னாப்லதான் செஞ்சேன் டாக்டர்" என்றார் சண்முகம். தூக்கமில்லாத கண்கள். "தோசக்கல்ல அடுப்புலேருந்து எறக்கவே இல்ல. உப்ப முடிச்சுக் கட்டிச் சூடு பண்ணிப் பண்ணி ஒத்துனேன். கை ஓஞ்சு போச்சு. ஆனா வீக்கம் கூடிக்கிட்டேல்லா போவுது."

எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்து, "காய் மண்தாத் தே?" என்றார். என்ன சொல்கிறார்?

நான் மராத்தியில் சொன்னேன்: "மீ பர்ஃப் ஸாங்கித்லா ஹோதா, மேடம். த்யான்னீ ஐக்லம் நாஹி." நான் ஐஸ் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"பரத் விசாரலஸ் கா?" திருப்பிக் கேட்டாயா?

"ஹோ, மேடம்." ஆமாம்.

இரண்டு பொய்கள். தையலைப் பற்றி மேடம் எதுவும் கேட்கவில்லை. சூடு என்ற காரணம் கைக்குக் கிடைத்துவிட்டதால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

சண்முகத்திடம் திரும்பி, "சூடு வெச்சிருக்கக் கூடாதுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். "நாந்தான் கெடுத்துட்டேனா" என்றார். நான் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தேன். வெளியே போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடத்துகிட்ட எங்களுக்காவ எவ்வளவோ எடுத்துச் சொன்னிய, ரொம்ப நன்றி டாக்டர்" என்றார்.

அடுத்த வாரங்களில் திருகுகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டி வந்தது. ஒன்று மட்டும் நின்றது. ஒன்றை வைத்துக்கொண்டு எதுவும் கட்ட முடியாது. இன்னொரு தொகுதி வரவில்லை. அவர்களும் வருவதை நிறுத்தினார்கள்.

அதன் பிறகு எனக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. இரவும் பகலும் சூடு வைத்தால் ஒரு புண் எவ்வளவு கெடும்? முதல் இரண்டு நாளில் சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், வீக்கத்தைக் கூட்டும், அதற்குப் பிறகு அதே சூடு இறுகிய தாடையை இளக்க உதவும் என்பதெல்லாம் பாடம். ஆனால் தையலைப் பிய்க்கிற அளவுக்கு அது போகுமா? எந்த நோயாளியிடமும் சோதித்துப் பார்க்க முடியாத கேள்வி. என் சொந்த வாயில் கீழ்த்தாடையின் இரு பக்கமும் ஞானப்பற்கள் கோணலாகப் படுத்துக் கிடந்தன. பல் மருத்துவ நண்பர் ஒருவரிடம் இரண்டையும் ஒன்றாக எடுக்கச் சொன்னேன், தையலைத் தளர்வாகப் போடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து வலது கன்னத்தில் ஐஸ் வைத்தேன். இடது கன்னத்துக்குத் தோசைக்கல்லில் சூடாக்கிய உப்பு மூட்டை.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "ஒரு கன்னத்துக்குக் குல்ஃபி, ஒரு கன்னத்துக்கு தோசையா? சட்னி அரைக்கட்டுமா?" என்றாள். காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை.

இடது பக்கம் நிறைய வீங்கியது, விண்விண்ணென்று தெறித்தது. கோமதி எதை அனுபவித்தார் என்று கொஞ்சம் தெரிந்தது. ஆனால் புண் பிரியவில்லை. ஈறு வீங்கி, நூலுக்குள் இடம் கண்டுபிடித்து, மெல்ல வடிந்து, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறின. ஒரு மனிதனின் இரண்டு கன்னங்கள் எதையும் நிரூபிக்காது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இருந்தாலும் கண்ணாடி முன் நின்று அந்தத் தளர்ந்த முடிச்சுகளைப் பார்த்தபோது, சண்முகத்தின் சூடு வீக்கத்தைத்தான் கூட்டியது, கிழித்தது என் நூல் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

சாங்வி எங்கள் மருத்துவமனையிலிருந்து தூரமில்லை. போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. மேடம் ஓய்வு பெற்ற அன்று அவர் மேசைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். "காய் ரே?" என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் விட்டுப்போன முக்காலியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என் நோயாளிகளில் ஒருவரும் திருப்பிச் சொல்லாமல் வீட்டுக்குப் போனதில்லை. தமிழையும் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பிரிவுக்கு ஒரு சென்ட்ரிஃப்யூஜ் வந்தது. நோயாளியின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து அதில் வைத்துச் சுழற்றினால், சிவப்பு அடியில் தங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு நிற்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு மஞ்சள் கட்டி திரளும். புண்ணை ஆற்றும் தட்டணுக்கள் அதில் அடர்ந்திருக்கும். அதை எடுத்துத் திருகுகளைச் சுற்றி வைத்துத் தைப்போம். முதன்முறை அந்தக் கட்டியை இடுக்கியில் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடம்பு தன்னைத் தைத்துக்கொள்ளும் பொருளை ஒரு குழாயிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன் என்ற வியப்பு. லேசரும் வந்தது. பேனா போன்ற அதன் முனையைத் தாடையோரமாக நகர்த்தினால் வலி குறைவதாக நோயாளிகள் சொன்னார்கள். லேசர் குறைத்ததா, ஒரு டாக்டர் அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது குறைத்ததா என்று நான் யோசித்ததுண்டு.

அப்படி ஒரு நாளில்தான், வரவேற்பில் ஒரு பெண்மணி சரளமான மராத்தியில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. ஒரு கை வாயருகில் இருந்தது. கோமதி.

உள்ளே வந்து உட்கார்ந்தார். சாங்வியில் ஒரு பால்வாடியில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாராம். பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது செட் எகிறினால் பிள்ளைகள் ஓடிப் போய் எடுத்து வந்து, "பாயீ, துமச்சே தாத் பட்லே", டீச்சர், உங்க பல் விழுந்துடுச்சு என்று கையில் கொடுக்குமாம். மகள் ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள், மறுபடி முயன்று பார்க்கச் சொல்கிறாள் என்றார்.

"செஞ்சு பாக்கலாம்" என்றேன். "உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"வந்திருக்காவ. வெளிய பெஞ்சுல இருக்காவ. உள்ள வர மாட்டேங்காவ. தன் கை பட்டா வெளங்காதாம்." கதவைத் திரும்பிப் பார்த்தார். "டாக்டர், பால்வாடில சேந்த புதுசுல, ஒரு பய சொன்ன பேச்சுக் கேக்கலைன்னு டீச்சரு பெரிய டீச்சருகிட்ட வந்து சொன்னா. ஐக்லம் நாஹின்னா. எனக்கு அந்தச் சத்தத்த எங்கயோ கேட்டாப்ல இருந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்குப் போயி யோசிச்சேன். நீங்க மேடத்துகிட்டச் சொன்ன சத்தந்தான். பர்ஃப்னா என்னன்னும் அதுக்குள்ள படிச்சிருந்தேன்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஒத்தடம்னு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. வாயிலதான துணி இருந்துச்சு, காதுல இல்லையே."

"ஐஸ்னு நான் சொல்லவே இல்ல" என்றேன். "மேடத்துகிட்ட பொய் சொன்னேன். உங்க தையலும் நான் போட்டதுதான். இறுக்கிப் போட்டுட்டேன்."

தையல் விஷயம் அவருக்குப் புதிது. என் கைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் எத்தன தடவ சொல்லியாச்சு இவுககிட்ட. டாக்டரு பொய் சொல்ல மாட்டாரு, நீ மராட்டிய அரகொறையாப் படிச்சிட்டுப் பேசாதன்னுதாவ. வீட்டுல தோசக்கல்லத் தொட மாட்டாவ. புள்ளைக்குக் காய்ச்சல்னா நெத்தில கை வைக்க மாட்டாவ. பல்லு அப்புறம் இருக்கட்டும். மொதல்ல நீங்க வெளிய போயி அவுககிட்டச் சொல்லுங்க."

நடைபாதை பெஞ்சில் சண்முகம் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நான் உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே சொன்னேன். எங்கள் வீட்டில் ஒத்தடம் என்றால் என்ன என்பது, நான் முக்காலியில் உட்காராதது, கேமரா, தையல், மராத்தியில் சொன்ன இரண்டு வரி.

"இல்ல டாக்டர், கல்லு கொஞ்சம் கூடவே காஞ்சிருச்சு அன்னைக்கு" என்றார்.

"கல்லை வைக்கச் சொன்னதே நான்தான் சண்முகம். ஒத்தடம்னு மட்டும் சொன்னேன். ஐஸ்னு சொல்லல. நான் சொன்னதை நீங்க கேக்கலைன்னு மேடத்துகிட்ட சொன்னது பொய்."

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஒரு ட்ராலி எங்களைக் கடந்து போனது. திட்டுவார் என்று காத்திருந்தேன், அது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்பம் நான் கேட்டுத்தான் செஞ்சிருக்கேன்" என்றார் கடைசியில். தன் கைகளைப் பார்க்கவில்லை. எழுந்து, என்னைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு கோமதி இருந்த அறைக்குள் போனார்.

அறுவை அடுத்த மாதம் நடந்தது. மிச்சமிருந்த பழைய திருகு புதியவற்றோடு பொருந்தாது என்பதால் அதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்தேன். ரத்தம் சுழன்றுகொண்டிருந்தபோது சண்முகம் சென்ட்ரிஃப்யூஜையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரத்தத்தக் கிரைண்டர்ல போட்டு ஆட்டுதியளே டாக்டர், உப்பு போட்டாச்சா?" என்றார். மஞ்சள் கட்டியை எடுத்துக் காட்டினேன், முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். தையலை ஸைலாகப் போட்டேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் கீழே இடுக்கியின் நுனியை விட்டு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். படம் எடுக்க யாரும் இல்லை.

முடிந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டு சண்முகத்தின் எதிரே உட்கார்ந்தேன். பக்கத்தில் கோமதி, வாயில் பஞ்சுத்துணியோடு. எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப நீங்க சொல்லுங்க. வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?" என்றேன்.

சண்முகம் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவரும் கையைக் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல நீங்க இன்னொரு மட்டம் சொல்லுங்க டாக்டர். சரியாச் சொல்லுதியளான்னு பாப்போம்."

சொன்னேன். தாடைக்கு வெளியே, துணியில் சுற்றி, ஐஸ். சூடு கூடாது. கோமதி சிரிக்கக் கூடாது, தையல் இருந்தது. ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தி, இன்னொரு தடவை சொல்லும்படி காட்டினார். இன்னொரு தடவை சொன்னேன்.